இரண்டாவது துண்டு

மழை பிடித்து மூன்றாவது நாள். மாத்தளை டவுனில் மசாலாக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்தச் சின்ன ஆபீசில் ரஜனி பகல் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எல்கடுவத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அண்ணி ரஜிதா. வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை அண்ணி. கொழுந்து பறிக்கிற மலையில் போனைக் கையில் எடுத்தால் கங்காணியின் வாய் சும்மா இருக்காது.

"ரஜனி, ஒங்க பொட்டி கத்துச்சு." மழைச் சத்தத்தில் பாதிப் பேச்சு அடிபட்டுப் போனது. "சிங்களத்துல என்னமோ சொல்லிச்சு. அப்பறம் நின்னுருச்சு. கங்காணி அது டெஸ்டிங்குங்கிறாரு. நெசமா?"

"தமிழ்ல என்னா சொல்லிச்சு அண்ணி?"

"தமிழ்லயா? தமிழ்ல ஒண்ணுமே சொல்லலயே."

ரஜனி சோற்றுப் பார்சலைத் தள்ளிவைத்தாள்.

"டெஸ்டிங் இல்ல அண்ணி! முதல் எச்சரிக்கை அது. மலை சரியலாம், ரெடியா இருங்கன்னு அர்த்தம். அம்மா எங்க?"

"லயத்துலதான் இருக்காங்க. என் சின்னவ பிள்ளைக் காம்பராவுல ஆயாகிட்ட இருக்கா. நான் மேல்மலையில..." அவ்வளவுதான், போன் அறுந்தது. திரும்ப எடுத்தாள். கிடைக்கவில்லை. மூன்று தரம் எடுத்தாள். மூன்று தரமும் ஒரு பெண் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டாள், தமிழில் கேட்டாள், இங்கிலீஷிலும் கேட்டாள். போன் கம்பெனிக்காரனுக்கு மட்டும் மூன்று பாஷையும் கடைசிவரை வருகிறது.

அந்தப் பெட்டி என்னவென்று சொல்லிவிடுகிறேன். மாவட்டத்தில் மண் சரியக்கூடிய நாற்பத்தொரு இடங்களில் கம்பம் நட்டு, உச்சியில் ஒரு பெட்டியும் இரண்டு ஒலிபெருக்கியும் மாட்டியிருந்தார்கள். மழை அளவைப் பார்த்து முடிவெடுக்கிற அரசாங்க அலுவலகத்தில் ஒரு பொத்தானை அழுத்துவார்கள். அந்தக் கட்டளை இந்த மேல்மாடி ஆபீசின் சேர்வர் வழியாகப் பெட்டிகளுக்குப் போகும். பெட்டி வாயைத் திறக்கும். முதலில் சிங்களம், அதற்குப் பிறகு தமிழ். ஒப்பந்தத்தில் அந்த வரிசை எழுத்தில் இருக்கிறது. முதல் எச்சரிக்கை என்றால் ஆயத்தமாக இரு, சிவப்பு எச்சரிக்கை என்றால் போட்டது போட்டபடி கிளம்பு.

பெட்டியைச் செய்தது ஆபீஸ் முதலாளி ஷிஃபான். பெட்டிக்குள் பேசுகிற புரோகிராமை எழுதியது ரஜனி. பத்துக் காம்பரா வீடுகளும் ஒரே கூரைக்குக் கீழே ஒட்டி நிற்கும் அவள் பிறந்த லயத்துக்கு மேலேயே ஒரு கம்பம் நிற்கிறது. பதினேழாம் நம்பர். அதை நினைத்து அவளுக்கு எத்தனை பெருமை இருந்ததென்று இப்போது சொன்னால் அவளே உங்களை அடிக்க வருவாள்.

"ஷிஃபான் நானா! தமிழ் வரல்லயாம்!"

உள்ளறையிலிருந்து ஷிஃபான் பிளேன்டீக் கோப்பையோடு வந்தான். நாற்பது வயது, மாத்தளை முஸ்லிம், அவளுக்கு அண்ணன் முறையில் நானா, எதற்கும் லேசில் பதறமாட்டான். "என்னத்துக்கு வராம ஈக்கி? ஸ்பீக்கர் வயர் லூஸாயிருக்கும்."

"சிங்களம் வந்திருக்கே! அதே ஸ்பீக்கர்தானே?"

மேசை மூலையில் உபரிப் பெட்டி ஒன்று கிடந்தது. ரஜனி அதை இழுத்து வயரைக் குத்தி, எச்சரிக்கையை ஓடவிட்டாள். கொழும்பு ஸ்டூடியோவில் பதிந்த ஆம்பிளைக் குரல் கணீரென்று சிங்களத்தில் பேசியது. ஐம்பது விநாடி. வழக்கமாக இந்த இடத்தில் ரஜனியின் விரல் போய் நிறுத்திவிடும். இன்றைக்குக் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சிங்களம் முடிந்தது. பச்சை லைட் அணைந்தது. கோளாறு என்று ஒரு வரி இல்லை, முக்கல் முனகல் இல்லை. வேலை முடிந்தது என்கிறமாதிரி பெட்டி பேசாமல் இருந்தது.

ஷிஃபான் கோப்பையைக் கீழே வைத்தான். "யா அல்லாஹ். நாப்பத்தொண்ணுலயும் இப்பிடித்தானா?"

அப்படித்தான். ஏழு மாதமாக அப்படித்தான் இருந்திருக்கிறது. மாதாந்தச் சோதனையில் மணியோசை மட்டும் அடிப்பார்கள், அது நன்றாகவே அடித்தது. பதினேழாம் பெட்டியைத் திறந்துவைத்த நாளன்று லயத்து ஜனமெல்லாம் நின்றது. பெரிய ஆட்கள் வந்திருந்தார்கள், மாலை போட்டார்கள், பெட்டி சிங்களத்தில் முழங்கியது. வந்த ஐயாவுக்கு இன்னொரு விழாவுக்குப் போக நேரமாகிவிட்டது. சரி, நன்றாகக் கேட்கிறது, நிறுத்துங்கள் என்றார். ரஜனிதான் நிறுத்தினாள். எல்லோரும் கை தட்டினார்கள். தமிழ் ஜனம்தான், அதுவும் சேர்ந்துதான் தட்டியது. ரஜனியின் அம்மா இலட்சுமி மட்டும் கிட்ட வந்து, "ஏன்டி, தமிழ்ல வராதா?" என்று கேட்டாள். "அதெல்லாம் வரும்மா, சும்மா இரு," என்றாள் ரஜனி. அந்த வார்த்தை இப்போது அவள் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சரி, அன்றைக்கு நேரமில்லை. ஆபீசில் நூறு தரம் ஓட்டிப் பார்த்தாளே, ஒரு தரமாவது கடைசிவரை கேட்டிருக்கக் கூடாதா? கேட்கவில்லை. ஏனென்றால் அந்தத் தமிழ்க் குரல் அவளுடையது. முதலில் ஒரு அறிவிப்பாளரைப் பிடித்துப் பதிந்தார்கள். "மண்சரிவு அபாயம் காரணமாக உடனடியாக வெளியேறுமாறு அறிவுறுத்தப்படுகிறீர்கள்" என்று அவர் தேனாகப் பேசினார். ஷிஃபான்தான் வேண்டாம் என்றான். "இதக் கேட்டு ஒத்தரும் கெளம்ப மாட்டாங்க. நீ பேசு தங்கச்சி, ஒங்கட ஆக்கள் பேசுற மாதிரி." ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு அவள் பேசினாள், பதிந்தாள், அதோடு சரி. டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த காலத்திலிருந்து தோட்டத்துப் பேச்சு என்று கிண்டல் வாங்கி வாங்கி, தன் குரலை வெளியில் கேட்டாலே அவளுக்குக் கூசும். சிங்களம் முடிகிற நேரத்துக்கு விரல் தானாகப் போய் நிறுத்திவிடும். இந்தக் கூச்சத்துக்கு நாற்பத்தொரு ஊர் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

போன் அடித்தது. அலுவலகம். ஷிஃபான் கேட்டுவிட்டு வைத்தான். "நாலு மணிக்கு செவப்பு அடிப்பாங்களாம். மழை கொறையல்ல."

மணி இரண்டு ஐந்து.

ரஜனி புரோகிராமைத் திறந்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, ஆனாலும் கண் ஓடியது. பெட்டியில் பேச்சை வாசிக்கிறது ஒரு லைப்ரரி. எங்கேயோ இருக்கிற புண்ணியவான்கள் எழுதி உலகத்துக்குச் சும்மா கொடுத்தது. விண்டோஸ், லினக்ஸ், போன், இந்தக் குட்டிப் பெட்டி, எதில் போட்டாலும் ஓடும். எப்படி எல்லாவற்றிலும் ஓடுகிறது என்றால், அது கோப்பைத் தானாகத் தொடாது. கோப்பு எந்த மூலையில் கிடந்தாலும் அதற்குக் கவலை இல்லை. திறக்க ஒன்று, வாசிக்க ஒன்று, இடம் நகர ஒன்று, மூட ஒன்று என்று நான்கு சின்ன வேலைகளை நம்மையே எழுதிக் கொடுக்கச் சொல்லும். தேவைப்படுகிற நேரத்தில் நம்மைத் திரும்பக் கூப்பிடும். கால்பேக் என்பது அதுதான். "நாலாயிரம் பைட் கொடு" என்று லைப்ரரி கூப்பிடும், ரஜனி எழுதிய புரோகிராம் எடுத்துக் கொடுக்கும்.

ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் சிங்களம் ஒரு கோப்பு, தமிழ் இன்னொரு கோப்பு. இரண்டும் ஒரே பேச்சு என்று லைப்ரரியை நம்பவைத்து, ஒன்று முடிந்தால் அடுத்ததிலிருந்து எடுத்துக் கொடுக்கும்படி ரஜனி எழுதியிருந்தாள். கெட்டிக்காரத்தனம் என்று அன்றைக்கு நினைத்தாள். சிங்களத்தின் கடைசிக்கு வரும்போது நாலாயிரம் கேட்டால் அங்கே மிச்சம் அறுநூறுதான் இருக்கும். அவள் எழுதியது அந்த அறுநூறைக் கொடுத்தது. அடுத்த தரம் கூப்பிடும்போது தமிழைக் கொடுக்கலாம் என்று காத்திருந்தது. லைப்ரரி அடுத்த தரம் கூப்பிடவே இல்லை.

ஏன்? லைப்ரரியோடு வந்த குறிப்பைத் திறந்தாள். வாசிக்கும் கால்பேக்குக்கு மேலே ஒரே வரி: கேட்டதைவிடக் குறைவாக வந்தால் கோப்பு முடிந்ததாகக் கொள்ளப்படும். ஒரு கொத்து அரிசி கேட்ட சமையல்காரனுக்கு அரைக் கொத்து வந்தால், மூட்டை காலி என்று அடுப்பை இறக்குகிறமாதிரி. பக்கத்து மூட்டை வாய் கட்டியபடி முழுசாகக் கிடந்தாலும் அவனுக்குத் தெரியாது. பிழை அவனுடையதும் இல்லை. முதலிலேயே எழுதி வைத்திருக்கிறான், படிக்காதது இவள்.

"என் பிழை நானா," என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "குறைச்சுக் குடுத்திருக்கேன்."

"அழுகையப் பொறகு வெச்சுக்க. எத்தன வரி மாத்தணும்?"

"நாலு."

"நாலு வரிக்கு இந்தப் பாடா?" என்றான் ஷிஃபான், நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டபடி.

நாலு வரிதான். கேட்ட அளவு நிறையும்வரை, ஒரு கோப்புத் துண்டு தீர்ந்தால் அந்த ஒரே அழைப்பிலேயே அடுத்த துண்டிலிருந்தும் எடுத்து நிரப்பு, எல்லாத் துண்டும் தீர்ந்தால் மட்டும் குறைத்துக் கொடு. எழுதி முடித்தபோது மணி இரண்டரை. உடனே அனுப்பக் கை நீட்டினாள். ஷிஃபான் அவள் மணிக்கட்டைத் தட்டிவிட்டான்.

"பைத்தியமா? இதுல வேற ஏதும் பிழை ஈந்தா இப்ப வாற சிங்களமும் வராமப் போயிடும். நாப்பத்தொண்ணும் ஊமையாப் போறதா? கேளு மொதல்ல. கடைசிவரைக்கும் கேளு."

உபரிப் பெட்டியில் ஏற்றி, பதினேழுக்கென்று பதிந்த சிவப்பு எச்சரிக்கையை ஓடவிட்டார்கள். ஐம்பது விநாடி சிங்களம். ஒரு மூச்சு இடைவெளி. பிறகு:

"மலை சரியப்போகுது. எடுத்தது வச்சதெல்லாம் விட்டுட்டு இப்பவே கிளம்புங்க. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் போங்க. பாலத்துப் பாதையில போகாதீங்க, மேல் பாதையில போங்க. நடக்க ஏலாதவங்கள விட்டுட்டுப் போயிராதீங்க..."

ரஜனி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். மோசமான குரல் என்று எதை நினைத்து ஓடினாளோ அது அப்படியொன்றும் மோசமாக இல்லை. ஐந்து தரம் ஓட்டினார்கள். ஐந்து தரமும் கடைசி வார்த்தைவரை வந்தது.

மூன்று மணிக்கு அனுப்பத் தொடங்கினார்கள். திரையில் நாற்பத்தொரு வரி. பலாபத்வலப் பெட்டிகள் சட்டென்று பச்சையாகின. லக்கலப் பக்கம் இழுத்து இழுத்துப் பச்சையானது. மூன்றரைக்கு முப்பத்தாறு. மூன்றே முக்காலுக்கு நாற்பது. மிஞ்சியது ஒன்று. நம்பரைச் சொல்லத் தேவையில்லை. பதினேழாம் பெட்டி பன்னிரண்டு சதவீதத்தில் நின்றது, அறுந்தது, பூச்சியத்தில் தொடங்கியது, திரும்ப அறுந்தது.

"டவர்ல சிக்னல் செத்துப்போய்க் கெடக்கு," என்றான் ஷிஃபான். "பெரிய சாமான் ஏறாது. எஸ்எம்எஸ் மட்டும் போகும்."

எஸ்எம்எஸ்ஸில் புரோகிராம் போகாது. எந்தத் துண்டை வாசிப்பது என்ற கட்டளைதான் போகும். சிவப்பு எச்சரிக்கையில் சிங்களம் ஒன்று, தமிழ் இரண்டு. அலுவலகம் பொத்தானை அழுத்தினால் சேர்வர் எல்லாப் பெட்டிக்கும் "ஒன்று, இரண்டு" என்று அனுப்பும். பழைய புரோகிராம் இருக்கிற பதினேழாம் பெட்டி, "ஒன்று" என்பதை மட்டும் வாசித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

அம்மாவுக்குக் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் சிங்களம். ரஜிதா அண்ணிக்கும் அவ்வளவுதான். ஸ்டூடியோக்காரன் பேசுகிற அலுவலகச் சிங்களம் யாருக்கு விளங்கும்? கங்காணி வேறு டெஸ்டிங் என்று முத்திரை குத்திவிட்டார். அண்ணன் லெட்சுமணன் கொழும்பில் வேலை, அவன் போனும் எடுபடவில்லை. எடுபட்டாலும் அங்கிருந்து அவன் என்ன செய்வான்?

"பதினேழுக்கு ரெண்ட மட்டும் அனுப்புவம்," என்றான் ஷிஃபான் மெதுவாக. "ஒரு துண்டுன்னா முழுசா வாசிக்குந்தானே?"

ரஜனியின் விரல் அந்த எண்ணின்மேல் போய்விட்டது. பிறகு நின்றது. லயத்துக்குக் கீழே ஓடையோரம் ஐந்து சிங்கள வீடுகள் இருக்கின்றன. பாலத்துப் பாதையே அவர்கள் வாசல்தான். முதல் வீட்டுச் சுமனாவதி அக்கா, பஸ்ஸுக்கு நனைந்துகொண்டு ஓடும் ரஜனியை மறித்துக் குடை கொடுத்து அனுப்பியவள், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. பாலத்துப் பாதையில் போகாதே என்று அவளுக்கு யார் சொல்வது? நம் ஆட்களுக்கு ஏழு மாதம் நடந்ததை நாலு மணிக்கு அவள் தலையில் கட்டுவதா?

"வேணாம் நானா. ரெண்டும் போகணும். தனித்தனியா அனுப்புறேன். ஒண்ணு வாசிச்சு முடிஞ்சதும் மத்தது."

"வாசிக்கிற நேரம் பெட்டி வேற கட்டள எடுக்காது."

"தெரியும். கையால அனுப்புறேன்."

"ரெண்டாவது போகல்லன்னா?"

அதுதான் கேள்வி. எதை முதலில் அனுப்புவது? முதலில் போவது மட்டும்தான் நிச்சயம். வரிசையை மாற்றினால் ஒப்பந்தம் போகும், கம்பெனியும் போகலாம். அதை ஷிஃபான் வாய்விட்டுச் சொல்லவில்லை. கீழ் வீட்டுக்காரர்கள் முதல் எச்சரிக்கையைத் தங்கள் பாஷையில் கேட்டுவிட்டார்கள், லயத்துக்கு இன்னும் ஒரு வார்த்தைகூடப் போகவில்லை. ஆகவே தமிழ் முதலில். நியாயம் அப்படித்தான் சொன்னது. அங்கே அம்மா இருக்கிறாள் என்பதும் உண்மை. இரண்டில் எது எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. பதினேழைப் பொதுப் பட்டியலிலிருந்து கழற்றினாள்.

சரியாக நாலு மணிக்குத் திரை சிவந்தது. நாற்பது பெட்டிக்கும் கட்டளை பறந்தது. ரஜனி பதினேழுக்கு "இரண்டு" என்று அனுப்பினாள். எட்டு விநாடி. கிடைத்தது என்று பதில் வந்தது.

"பேசுது," என்றாள்.

தமிழ்ப் பேச்சு நாற்பத்தாறு விநாடி. இருவரும் சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் உதடு மட்டும் அசைந்தது. எடுத்தது வச்சதெல்லாம் விட்டுட்டு. இப்பவே கிளம்புங்க. ஐம்பதாவது விநாடியில் "ஒன்று" என்று அனுப்பினாள். பதில் இல்லை. திரும்ப அனுப்பினாள். பதில் இல்லை. ஜன்னல் கண்ணாடியில் மழை அறைந்தது.

"போ, போயேன், சனியனே!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். மூன்றாம் தரம் அனுப்பினாள். நாலாம் தரம். நாலு மணி நாலு நிமிடத்தில் பதில் வந்தது: கிடைத்தது.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. அதுதான் பெரிய கொடுமை. பிரித்த சோற்றுப் பார்சல் காய்ந்துபோய்க் கிடந்தது. அண்ணியின் நம்பரை அவள் எத்தனை தரம் அழுத்தினாளோ, மன்னிப்புக் கேட்கிற அந்தப் பெண்ணின் குரல் மனப்பாடமாகிவிட்டது. நாலரைக்குப் பதினேழாம் வரி கறுத்தது. பெட்டிக்கு உயிர் இல்லை. ஷிஃபான் எழுந்து அஸர் தொழப் போனான். தொழுதுவிட்டு வந்தும் கை ஏந்தியபடியே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தான்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தெரியாத நம்பர் ஒன்று அடித்தது.

"ரஜனி, நாந்தான். பள்ளிக்கூடத்து டீச்சர் போனு." அண்ணி. அழுகிறாளா மூச்சு வாங்குகிறாளா தெரியவில்லை. "எல்லாரும் இங்க இருக்கோம். நான் மலையில இருந்து நேரா பிள்ளைக் காம்பராவுக்கு ஓடி சின்னவளத் தூக்கிட்டு வந்துட்டேன். கொழுந்துக் கூடைய எங்க போட்டேன்னே தெரியல. லயத்துக் கடைசி தொங்கல்ல மூணு காம்பரா மண்ணுக்குள்ள போயிருச்சு ரஜனி. கம்பத்தையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிருச்சு."

"தொங்கல்லயா? அழகமுத்து மாமா அங்கதானே?"

"அவரு கெளம்பவே மாட்டேன்னாரு. ஒங்கம்மாதான் போய் கையப் புடிச்சு இழுத்தாங்க. எம்மவ சொல்றா, எந்திரிய்யா, எம்மவ பொய் சொல்லமாட்டான்னு ஒரே கூச்சல்."

அன்றைக்குச் சும்மா இரு என்று ரஜனி அடக்கினாளே, அந்த அம்மா.

"சுமனாவதி அக்கா?" என்று கடைசியில் கேட்டாள்.

"இந்தா பக்கத்துலதான் நிக்கிறாங்க. சிங்களத்துல கேட்டதும் மேல் பாதையில ஏறிட்டாங்களாம். ஒன்னய விசாரிக்கிறாங்க."

போனை வைத்துவிட்டு ரஜனி மேசையில் முகத்தைப் புதைத்து வாய்விட்டு அழுதாள். ஷிஃபான் தடுக்கவில்லை. அவன் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

ஆபீஸ் போன் அடித்தது. அலுவலகம். ஷிஃபான் எடுத்தான். கேட்கக் கேட்க அவன் முகம் மாறியது. "ஓ மாத்தயா. இல்ல மாத்தயா. அது டெக்னிக்கலா ஒரு சின்ன..." என்று சிங்களத்தில் ஐயா போட்டு இழுத்தான். ரஜனி முகத்தைத் துடைத்துக்கொண்டு கை நீட்டினாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

மறுமுனையில் இருந்தவர் கெட்டவர் இல்லை, மூன்று நாள் தூங்காத மனிதர். அவருக்கு ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது, யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள். பதினேழாம் பெட்டியில் தமிழ் முதலில் போயிருக்கிறது. அறிக்கையில் காரணம் எழுத வேண்டும். யார் மாற்றியது, யாரைக் கேட்டு மாற்றியது?

"நான்தான் சேர். யாரையும் கேக்கல." அவளும் சிங்களத்தில்தான் சொன்னாள். அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. "இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் நாப்பத்தொரு பெட்டியிலயும் தமிழ் வரவே இல்ல. ஏழு மாசம். என்னோட பிழை, அதையும் எழுதிக்கோங்க. ஆனா அந்த ஏழு மாசத்துல ஒருத்தரும் முறைப்பாடு பண்ணல சேர். நானும் பண்ணல. ஒரு நாள், ஒரு பெட்டியில, தமிழ் முன்னுக்கு வந்துச்சு. ஒரு மணி நேரத்துக்குள்ள நீங்க கூப்புடுறீங்க."

அவர், அங்கே ஆட்களுக்கு ஏதாவது ஆனதா என்று கேட்டார். ஒருவருக்கும் ஒன்றுமில்லை, மூன்று காம்பரா போய்விட்டது என்றாள். நல்லது என்றார். அதற்குப் பிறகு, அறிக்கைக்கு வேண்டும், பெயர் என்ன என்று கேட்டார்.

ரஜனி முழுப் பெயரையும் அப்பா பெயரோடு எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

"இன்னொண்ணும் எழுதிக்கோங்க சேர்," என்றாள். "அந்தப் பெட்டியில தமிழ்ல பேசுறது யாருன்னு கேட்டா, அதுவும் நான்தான்."